ஒக்கியில் சாய்ந்த ரப்பர் மரங்கள் வங்கி அறிக்கையில் எங்கே?

கேள்வி (குமரி மாவட்டம் குலசேகரம் விவசாயி):
2017 நவம்பர் 30. ஒக்கிப் புயலில் எங்கள் ரப்பர் மரங்கள் சிரட்டை கட்டியபடியே முறிந்து கிடந்தன. கடன் வாங்கி மறுநடவு செய்தேன்; பால் வெட்ட ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கடன் தந்த வங்கியின் ஆண்டறிக்கையில் மரம் நட்ட படமும் காகிதம் சேமித்த கணக்கும் இருக்கின்றன. புயல் பாதையில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. சொல்ல வேண்டாமா?

பதில் 1:
பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் நிலைத்தன்மை அறிக்கை (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றியது) கட்டாயம். நீங்கள் கேட்பது அதைவிட ஆழமானது. காலநிலை ஆபத்துகளை வங்கிகள் எப்படி வெளிப்படுத்த வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின் வரைவு அதைத்தான் தொட்டது; அதன் நான்கு தலைப்புகள்: நிர்வாகம், உத்தி, இடர் மேலாண்மை, அளவீடுகள். ஆனால் கிராம வங்கிகளை அந்த வரைவு விட்டுவிட்டது.

பதில் 2 (ஓய்வுபெற்ற கிளை மேலாளர்):
எங்கள் கடன் விண்ணப்பத்தில் சர்வே எண்ணுக்குக் கட்டம் இருந்தது. வெள்ளம் வந்த ஆண்டை எழுத இடமில்லை. கிளையில் பதியாததைத் தலைமையகம் எப்படி வெளியிடும்?

பதில் 3:
குளச்சலிலிருந்து எழுதுகிறேன். ஆபத்தை எழுதச் சொல்லுங்கள், அவசியம்தான். அதைக் காட்டியே கடற்கரைக்குக் கடன் மறுத்தால்?

கேள்வி கேட்டவர்:
அந்தப் பயம் எனக்கும் உண்டு, அண்ணா. மறுத்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையையும் ஊர்வாரியாக வெளியிடட்டும்.