ஒரே ஆளுக்கு இரண்டு ரோல் சேர்வதை எப்படித் தடுக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்த எங்கள் நிறுவனம் பயன்படுத்தும் ஓடூ (Odoo) மென்பொருளில் யாருக்கு என்ன அனுமதி என்பதைத் திரும்ப வகுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

கொள்முதல் பிரிவு சப்ளையரைப் பதிவு செய்யும், கணக்குப் பிரிவு பணம் அனுப்பும். இரண்டும் ஒரே கையில் இருந்தால், இல்லாத சப்ளையரை உருவாக்கி அந்தப் பெயரில் பணத்தை எடுத்துவிடலாம். அதனால் சரியாகத்தான் பிரித்து வைத்திருந்தோம். ஆனால் கணக்காளர் ஒருவர் விடுப்பில் போனபோது, கொள்முதல் ஊழியருக்கு அவருடைய ரோலையும், அதாவது பணம் அனுப்பும் அனுமதிகளையும், கொடுத்திருக்கிறார்கள். கணக்காளர் திரும்பி வந்த பிறகும் அதை யாரும் எடுக்கவில்லை. நான்கு மாதம் கழித்து நான் பார்த்தேன். தவறு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் மனம் பதறிவிட்டது.

ஓடூவில் ரோல்களைக் குரூப்களாகத்தான் கொடுக்கிறோம். இந்தக் குரூப் அனுமதிகள் ஒன்றோடொன்று கூடும், ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. எந்தப் பதிவுகளை யார் பார்க்கலாம், மாற்றலாம் என்று சொல்லும் ரெக்கார்டு ரூல்களிலும், குரூப்புக்கு எழுதிய விதிகளில் ஏதாவது ஒன்று இடம் கொடுத்தாலே போதும், கதவு திறந்துவிடும். எந்தக் குரூப்புக்கும் என்று எழுதாத குளோபல் ரூல் மட்டுமே எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஆகவே, 'இவை இரண்டும் சேரக் கூடாது' என்பதை இன்னொரு குரூப் போட்டுச் சொல்ல வழியில்லை.

ரோல் கொடுக்கும் நேரத்திலேயே தடுக்கிறீர்களா? அல்லது சப்ளையரைப் பதிவு செய்தவரே அந்தச் சப்ளையருக்கான பணத்தை உறுதி செய்ய முடியாதபடி கோடில் பூட்டுகிறீர்களா? எனக்கு இரண்டாவதுதான் உறுதியாகப் படுகிறது. ஆனால் சப்ளையரின் வங்கிக் கணக்கை மட்டும் மாற்றியவரையும் அதில் பிடிக்க வேண்டுமே.

அப்புறம், தற்காலிக ரோல் குறித்த தேதியில் தானாக நீங்க, நேரம் வைத்துத் தானே ஓடும் ஷெட்யூல்டு ஆக்‌ஷன் எழுதியவர்கள் இருந்தால், அனுபவத்தைச் சொல்லுங்கள். பெரிய உதவியாக இருக்கும்.