தமிழ் மின்னூல் விலை குறைவா, எல்லா இடத்துலயும் கிடைக்க வழியே இல்லையா?

பூண்டி வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. நானும் அம்மாவும் புத்தகம்னா உசிரு. ஆனா இங்க கடைன்னா ஸ்கூல் நோட்டு, கைடு, ஜெராக்ஸ் அவ்ளோதான். நாவல், கட்டுரைன்னு எதாவது வேணும்னா தஞ்சாவூர் இல்ல கும்பகோணம் போகணும், ஒரு நாள் அதுக்கே போயிடும், போனாலும் கேட்டது இருக்கும்னு சொல்ல முடியாது. போஸ்ட்ல வரவழைக்கலாம்னா புத்தகத்துக்குன்னு இருந்த பதிவு அஞ்சலையும் 2024 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் சின்ன புத்தகம் வாங்கினப்ப புத்தக விலையில பாதி அனுப்புற செலவுக்கே போச்சு.

2018ல கஜா அடிச்சப்ப வீட்டு ஓடு பறந்து அம்மா சேத்து வெச்சிருந்த அலமாரி முழுக்க நனைஞ்சு போச்சு. வெயில்ல காய வெச்சும் பக்கம் பக்கமா பிரிக்க முடியல, கட்டியா ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம்தான் மின்னூல் பக்கம் வந்தோம். இப்ப அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனும் ஆகிடுச்சு, அச்சுல இருக்கிற சின்ன எழுத்து அவங்களுக்கு முடியல, போன்ல எழுத்தைப் பெருசாக்கிட்டு கரண்ட் போனாலும் படிக்கிறாங்க. அந்த சந்தோஷத்துக்காகவே கேக்குறேன்.

நான் தேடுற பத்து புத்தகத்துல ரெண்டு மூணுதான் மின்னூலா இருக்கு. இருக்கிறதுலயும் 300 ரூபா புத்தகத்துக்கு 240, 250ன்னு போட்டிருக்காங்க, காகிதம் இல்ல, பைண்டிங் இல்ல, லாரி இல்ல, அப்புறம் ஏன் இந்த விலை? அதுவும் ஒரே ஆப்லதான் இருக்கு. இலவசமா கெடைக்கிறது பெரும்பாலும் ஸ்கேன் பண்ண பிடிஎஃப், அதப் போன்ல பெருசாக்கினா வரியோட கடைசி ரெண்டு வார்த்தை ஸ்கிரீனுக்கு வெளிய போயிடுது, விரலால இழுத்து அதப் படிச்சுட்டு திரும்ப இழுத்து அடுத்த வரி ஆரம்பத்தப் புடிக்கறதுக்குள்ள எந்த வரில இருந்தோம்னே அம்மாவுக்குத் தவறிடுது. இது ஏன் இப்படி இருக்கு, நாம வாசகர்களா எதாவது செய்ய முடியுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை டிடிபி:

தங்கச்சி, நான் கும்பகோணத்துல ரொம்ப வருஷமா புத்தகம் லேஅவுட் பண்ற வேலை பாக்குறேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

பழைய புத்தகத்தோட ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர்னு ஒரு பழைய லேஅவுட் மென்பொருள்ல, யூனிகோடுக்கு, அதாவது இப்ப எல்லா போனும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கிற எழுத்துக் குறியீட்டுக்கு, முந்தின ஃபான்ட்ல இருக்கு. அதுல "கொ"ன்னு அடிச்சா முதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால்னு மூணு தனி எழுத்தா உக்காந்திருக்கும், யூனிகோட்ல முதல்ல க, அதுக்குப் பின்னாடிதான் குறி. மாத்துறதுக்கு கன்வெர்ட்டர் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா தலைப்புக்கு ஒரு ஃபான்ட், உள்ள வேற ஃபான்ட்னு கலந்து போட்டிருப்போம், மேற்கோள் குறி எல்லாம் வேற எதாவது எழுத்தா மாறி நிக்கும், வரிக் கடைசில ஒடிச்ச வார்த்தை ரெண்டா பிரிஞ்சு நடுவுல இடைவெளியோட கிடக்கும். இதையெல்லாம் ஒருத்தர் உக்காந்து அச்சுப் பிரதியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வரி வரியாப் பாத்தாதான் சரியாகும். ஃபைலே இல்லாத புத்தகம்னா ஸ்கேன் பண்ணி, படத்துல இருக்கிற எழுத்தக் கண்டுபிடிச்சு தட்டச்சு எழுத்தா மாத்துற ஓசிஆர் ஓட்டணும், இப்ப ஓசிஆர் நல்லாவே வருது, ஆனா மங்கின அச்சா இருந்தா அதுக்கு ரகரமும் துணைக்காலும் ஒண்ணுதான், பக்கத்துக்குப் பத்து இடம் திருத்த வேண்டி வரும்.

இப்படிப் பாத்துத் திருத்துறதுக்கான கூலிய, அதாவது மெய்ப்புக்கூலிய, யார் குடுக்குறதுங்கறதுலதான் பதிப்பகம் தயங்குது. மின்னூல்ல எவ்ளோ விக்கும்னு அவங்களுக்கே தெரியாது, அதனால பழைய புத்தகத்த அப்படியே விட்டுடுறாங்க. விலைய அச்சுக்குப் பக்கத்துல வெக்கிறதுக்கும் காரணம் பயம்தான், மின்னூல் மலிவா போட்டா அச்சுப் புத்தகம் விக்காம குடோன்ல தங்கிடும்னு.

ஆனா உங்க கோவம் நியாயம்னுதான் நான் சொல்வேன். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடத் தரமா அறிவிச்சாச்சு. இப்ப வர்ற புத்தகம் பெரும்பாலும் எழுத்தாளரே யூனிகோட்ல அடிச்சு மெயில்ல அனுப்புறது, அதுக்கு ஈபப், அதாவது எழுத்தளவ மாத்தினா வரி தானா மடியுற மின்னூல் ஃபைல், எடுக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. அச்சுக்கூலி கிடையாது, ஒருதடவ செஞ்சா எத்தன பேருக்கு வேணாலும் விக்கலாம். புதுப் புத்தகத்துக்கு மின்னூல் இல்லன்னு சொன்னா அந்த சாக்கு செல்லாது.

காவிரிக்கரை:

எதுக்கு இவ்ளோ கஷ்டம், டெலிகிராம்ல தேடுங்க எல்லாப் புத்தகமும் பிடிஎஃப்பா கெடைக்குது.

மயிலாடுதுறை எழுத்துக்காரன்:

காவிரிக்கரை நண்பரே, அப்படி சொல்லாதீங்க ப்ளீஸ். நான் ரெண்டு நாவல் எழுதினவன். புத்தகம் வந்த கொஞ்ச நாள்ல ஸ்கேன் பண்ணி குரூப்ல போட்டுட்டாங்க, எனக்கு வர வேண்டியது போனது ஒரு பக்கம், அதப் பாத்துட்டுப் பதிப்பாளர் "மின்னூலே வேண்டாம்"னு முடிவு பண்ணிட்டார் பாருங்க, அது இன்னொரு பக்கம். மின்னூல் போடாட்டியும் திருட்டு பிடிஎஃப் வரத்தான் செய்யுது, ஏன்னா அது அச்சுப் புத்தகத்துல இருந்து எடுக்கறது. நேர்மையா காசு குடுத்து வாங்குறவங்களுக்குத்தான் வழி அடைபடுது. நியாயமான விலையில சுலபமா கெடைச்சா பாதிப்பேர் திருட்டு காப்பிய தேடவே மாட்டாங்கன்னு நான் நம்புறேன்.

அக்கா, ஒரே ஆப்ல ஏன் இருக்குன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு நேரடி காரணம் இருக்கு. அமேசான் 2016 கடைசில தமிழ்ல கிண்டில் மின்னூல் கொண்டு வந்தாங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய கதவு, அத மறுக்க மாட்டேன். ஆனா கேடிபின்னு, எழுத்தாளரே மின்னூல் போடுற அமேசானோட தளத்துல புத்தகம் போட்டா இந்தியால விக்கிறதுக்கு 70 சதவீத ராயல்டி வேணும்னா கேடிபி செலக்ட்ங்கற திட்டத்துல சேரணும், சேரலன்னா 35தான். சேந்தா அந்த மின்னூல வேற எங்கயும் விக்கக் கூடாது, இலவசமா குடுக்கவும் கூடாது, 90 நாளுக்கு ஒப்பந்தம், நாம நிறுத்தலன்னா அதுபாட்டுக்கு நீளும். 100 ரூபா புத்தகத்துக்கு 70 ரூபாயா 35 ரூபாயான்னா எந்த எழுத்தாளரும் 70ஐத்தான் எடுப்பார், அதனாலதான் அதே புத்தகம் கூகுள் பிளேல கெடைக்க மாட்டேங்குது. கிண்டில் அன்லிமிடெட்ல சந்தா கட்டினவங்க படிச்சா எத்தன பக்கம் படிச்சாங்களோ அதுக்கு எங்களுக்குப் பணம் வருது, அதுக்கும் இதே செலக்ட்ல சேந்திருக்கணும்.

இதுல வரியும் சேருது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்னூலுக்கு 18 சதவீதம் போட்டிருந்தாங்க, 2018 ஜூலைல அத 5ஆ குறைச்சாங்க, அதுவும் அச்சுல வந்த புத்தகத்தோட மின்னூலுக்கு மட்டும். நேரா மின்னூலா எழுதுற புது ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது. காகிதத்துல இருந்தா வரி இல்ல, திரையில இருந்தா வரியாம், எனக்கு இது கொஞ்சமும் ஒப்புக்கல.

இன்னொண்ணு, காசு குடுத்து வாங்கினாலும் அது நம்ம கையில இருக்கிற புத்தகம் இல்ல, படிக்கிற அனுமதிதான். முன்னாடியெல்லாம் வாங்கினத கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணி கேபிள் போட்டு கிண்டில் கருவிக்கு மாத்திக்கலாம், 2025 பிப்ரவரில அந்த வசதியையும் எடுத்துட்டாங்க. அச்சு விலைக்குப் பக்கத்துல காசு வாங்கிட்டு சொந்தமும் இல்லன்னா வாசகர் ஏன் வாங்கணும்?

பாபநாசம் வாத்தியார்:

அம்மா, உங்க தாயார் படிக்க இப்பவே நிறைய இருக்கு, சட்டப்படியே இலவசமா. மதுரைத் திட்டம்னு ஒரு இணைய நூலகம் 1998 பொங்கலப்ப ஆரம்பிச்சது, உலகம் பூரா இருக்கிற தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி ஏத்தினது. எங்க ஊருக்குப் பக்கத்து உத்தமதானபுரத்துல பொறந்த உ.வே.சாமிநாதையர் எழுதினத அதுல எழுத்து வடிவத்துலயே படிக்கலாம், ஸ்கேன் இல்ல. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்னு 2013ல இருந்து ஒரு குழு நடத்துறாங்க, எழுத்தாளர்கள்கிட்ட அனுமதி வாங்கி, யாரும் இலவசமா பகிரலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல போடுறது, ஈபப், ஆறு அங்குல பிடிஎஃப்னு போனுக்கு ஏத்த மாதிரியே இருக்கும். விக்கிமூலம்ங்கற இணையதளத்துல நாட்டுடைமை நூல்கள், அதாவது அரசு உரிமை வாங்கி எல்லாருக்கும் பொதுவாக்கினது, நிறைய மெய்ப்பு பாத்து வெச்சிருக்காங்க.

ஒரு கணக்கும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. எழுத்தாளர் மறைஞ்ச வருஷத்துக்கு அடுத்த ஜனவரில இருந்து 60 வருஷம் காப்புரிமை. கல்கி 1954ல போனார், அவரோட எழுத்த யார் வேணாலும் போடலாம், அதனால எங்கயும் மலிவா கெடைக்குது. நம்ம மண்ணோட எழுத்துன்னா எல்லாரும் மொதல்ல சொல்ற தி.ஜானகிராமன் 1982ல போனார், 2042 முடியற வரைக்கும் உரிமை இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க புத்தகமெல்லாம் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது, குடும்பத்துக்கும் பதிப்பகத்துக்கும் நியாயமா சேர வேண்டியது சேரட்டும், ஆனா மின்னூலும் வரட்டும்.

சிங்கப்பூர் மன்னை:

நான் மன்னார்குடி, இப்ப சிங்கப்பூர்ல வேலை. இங்க தேசிய நூலக வாரியம் ஆப்ல தமிழ் மின்னூல இரவல் எடுக்கலாம், தேதி முடிஞ்சா தானா திரும்பிப் போயிடும், அபராதமும் கிடையாது. 2015ல தமிழ் மின்மரபுடைமைத் திட்டம்னு ஒண்ணு செஞ்சு சிங்கப்பூர் தமிழ் எழுத்தாளர்களோட அம்பது வருஷப் புத்தகங்கள மின்வடிவமாக்கி நூலகத்துல வெச்சுட்டாங்க. ராத்திரி ரூம்ல படுத்துக்கிட்டுத் தமிழ்ல படிக்கிறேன். ஊர்ல இருக்கிற என் தங்கச்சிக்கு இந்த வசதி இல்லையேன்னு எனக்கு மனசு கேக்கல, தமிழ் அங்கதான இருக்கு.

சீர்காழி நூலகர்:

மன்னைத் தம்பி சொன்னதுதான் என் மனசுலயும் இருக்கு. நூலக இயக்கத்துல நம்ம டெல்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்திய நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892ல சீர்காழில பொறந்தவர். நூலகத்துக்கான அவரோட ஐந்து விதி வந்தது 1931ல, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர்னு சொன்னவர். அதே 1931ல மன்னார்குடில மாட்டுவண்டில புத்தகம் ஏத்தி கிராமம் கிராமமாப் போனாங்க. படிக்கணும்னா நூலகத்துக்கு வரட்டும்னு உக்காந்திருக்கல, புத்தகத்த வீட்டு வாசலுக்குக் கொண்டு போனாங்க. இன்னிக்கு அந்த வண்டி போன்தான். 1948ல நூலகச் சட்டம் வந்து வீட்டு வரியோட நூலக வரியும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்.

இங்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு, அரிய பழைய புத்தகத்துக்கு அது பொக்கிஷம். ஆனா பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள்தான். எங்க நூலகத்துக்குப் பார்வை இல்லாத தம்பி ஒருத்தர் வர்றார், போன்ல, திரையில இருக்கிறத வாசிச்சுக் காட்டுற டாக்பேக் போட்டு காதால படிக்கிறவர். யூனிகோட் எழுத்தா இருந்தா மடமடன்னு வாசிச்சுக் காட்டுது, ஸ்கேன் பக்கத்துல போனா "படம்"னு சொல்லிட்டு நின்னுடுது. அவர் முகத்த அப்பப் பாக்கணும். எழுத்து வடிவம்ங்கறது உங்க அம்மாவுக்கு மட்டும் இல்ல, அவர மாதிரி எத்தனையோ பேருக்கு.

என் கருத்து, அரசு நூலகத்துக்கு அச்சுப் புத்தகம் வாங்கும்போதே அதோட மின்னூல் இரவல் உரிமையையும் சேத்து ஒரு விலை பேசி வாங்கலாம். பதிப்பகத்துக்கு உறுதியா பணம் வரும், குடந்தை அண்ணன் சொன்ன மெய்ப்புக்கூலிப் பயமும் போகும், எழுத்தாளருக்கும் பங்கு போகும். நூலகத்துல ஆலோசனைப் பதிவேடு இருக்கு, வாசகர் வட்டம் இருக்கு, அங்க எழுதுங்க. நாங்க சொன்னா ஊழியர் கோரிக்கைன்னு போயிடும், வாசகர் கேட்டா எடை கூடுது.

பூண்டி வாசகி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அம்மாகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். எங்க ஊர்ப்புற நூலகத்துல வாசகர் வட்டக் கூட்டம் வருது, நூலகர் ஐயா சொன்னத அங்க வெக்கிறேன், யாராவது கடிதம் மாதிரி எழுதித் தந்தா மத்த ஊர்க்காரங்களும் குடுக்கலாம். குடந்தை அண்ணே, ஈபப் டவுன்லோட் பண்ணினேன், ஆனா போன்ல தொறக்கல, எதுல தொறக்கணும்? வாங்கும்போது எதப் பாத்து வாங்கணும்?

குடந்தை டிடிபி:

ரீட்எரான்னு ஒரு ஆப் போடுங்க, இலவசம்தான். ஃபைல அதுல தொறந்து எழுத்தளவு, வரி இடைவெளி ரெண்டையும் கூட்டிடுங்க. அம்மாவுக்கு வெள்ளைப் பின்னணி கண் கூசினா பழுப்பு நிறம் வெச்சுக்கலாம். எழுத்து கட்டம் கட்டமா வந்தா செட்டிங்ல ஃபான்ட மாத்திப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மாதிரிப் பக்கம் குடுப்பாங்க, கண்டிப்பா அத எடுத்துப் பாருங்க. எழுத்தளவ மாத்தினா வரி தானா மடிஞ்சு வருதான்னு பாக்கணும், வரலன்னா உள்ள பக்கம் படமா இருக்குன்னு அர்த்தம், வாங்காதீங்க. நல்லா இருந்தா ஒரு வரி விமர்சனமும் போடுங்க, பதிப்பாளர் அதப் படிக்கிறார். புத்தகம் மின்னூலா இல்லன்னா பதிப்பகத்துக்கே மெயில் பண்ணுங்க, எந்தப் புத்தகம், எவ்ளோ விலைன்னா வாங்குவீங்க, கூகுள் பிளேல வேணுமா கிண்டில்ல வேணுமான்னு தெளிவாப் போடுங்க. நான் வேலை பாக்குற ஒரு பதிப்பகத்துல அப்படி நாலஞ்சு மெயில் வந்தப்புறம்தான் ஒரு பழைய சிறுகதைத் தொகுப்ப மாத்தச் சொல்லி என்கிட்ட குடுத்தாங்க, இப்ப அந்த மெய்ப்புதான் போய்க்கிட்டு இருக்கு. நூலகத்துக்கான கடிதத்தையும் நானே அடிச்சு இங்க போடுறேன், சீர்காழி சார் ஒருதடவ பாத்துத் திருத்திக் குடுங்க.