டார்ச் டெஸ்ட்ல டாக்ஸோ பாசிடிவ், வீட்ல பூனை இருக்கு, என்ன பண்றது?

பூனைவீட்டுக்காரி:
இப்ப 11 வாரம், முதல் குழந்தை. கர்ப்பத்துல சில தொற்று இருக்கான்னு பாக்கற டார்ச் ரத்த டெஸ்ட் எடுத்ததுல டாக்ஸோபிளாஸ்மாவுக்கு (பூனை மலம் வழியாவும் பரவுற கிருமி) ஐஜிஜி, ஐஜிஎம்னு ரெண்டு ஆன்டிபாடியுமே (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கறது) பாசிடிவ்னு வந்திருக்கு. காய்ச்சல் இல்ல, கழுத்துல நெறி கட்டல, நல்லாத்தான் இருக்கேன். ரிப்போர்ட் வந்ததுல இருந்து அத்தை பூனையை எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வான்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க, நாலு வருஷமா வளக்கறேன், வாசப்படி தாண்டாது. டாக்டரைப் பாக்க திங்கக்கிழமைதான் நேரம் கிடைச்சிருக்கு. பூனைக்கும் இதே டெஸ்ட் எடுக்கலாமா?

லேப்தம்பி:
அக்கா பயப்படாதீங்க, ஐஜிஎம்தான் தொத்தினதும் முதல்ல வர்றது, ஆனா அது பாசிடிவ்னா இப்பதான் தொத்துச்சுன்னு அர்த்தம் இல்ல, சிலருக்கு வருஷத்துக்கு மேலயும் ரத்தத்துல நிக்கும், சில நேரம் டெஸ்ட் கிட்டே தப்பா பாசிடிவ் காட்டும். டாக்டர்கிட்ட ஐஜிஜி அவிடிட்டி டெஸ்ட் பத்திக் கேளுங்க, ஆன்டிபாடி கிருமியை எவ்வளவு இறுக்கமா புடிக்குதுன்னு பாக்கறது. புதுசா உருவான ஆன்டிபாடி கிருமியை லூசாத்தான் புடிக்கும், யூரியா ஊத்திக் கழுவினா கழண்டுடும், பழசு உடும்பு மாதிரி விடாது, அதை வச்சுத்தான் கணக்கு. 11 வாரத்துல ஹைனு வந்தா தொத்துனது கர்ப்பத்துக்கு முன்னாடினு எடுத்துக்கலாம், குழந்தைக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா லோனு வந்தா உடனே புதுசுன்னு முடிவு கட்டாதீங்க, சிலருக்கு மாசக்கணக்குல லோவாவே கிடக்கும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொன்னா அதே லேப்லயே எடுங்க, கிட் மாறினா நம்பரும் மாறும்.

மாட்டுடாக்டர்:
பூனை விஷயம் அப்படியே தலைகீழ்மா. அதுக்கு ஐஜிஜி பாசிடிவ்னா நமக்கு நிம்மதி, எப்பவோ வந்து போயிடுச்சுன்னு அர்த்தம். முதல் தடவை தொத்தும்போது ஒண்ணுல இருந்து மூணு வாரம்தான் மலத்துல ஊசிஸ்ட் (கிருமியோட முட்டை மாதிரி) வரும், அப்புறம் வர்றது அபூர்வம். நெகடிவ் பூனைக்குத்தான் இனிமே தொத்தலாம். அதனால டெஸ்ட் காசு தண்டம். வெளிய வந்த ஊசிஸ்ட்டும் தொத்துற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதுக்குள்ள மணல் தட்டை தினமும் வேற யாராவது சுத்தம் பண்ணிட்டாப் போதும். பச்சைக் கறி போடாதீங்க. நீங்களும் கறியை நல்லா வேக வச்சு சாப்பிடுங்க, கீரையை மண்ணு போக அலசுங்க, உண்மையில நிறைய பேருக்கு அந்த வழியாத்தான் வருது.

கோவைக்காரன்:
என் மச்சினிக்கும் இதே ரிப்போர்ட்தான், வீட்ல கலைச்சுடலாமான்னு பேச்சு வரைக்கும் போயிடுச்சு. அவிடிட்டி ஹைனு வந்துச்சு. பையனுக்கு இப்ப மூணு வயசு, வால் மட்டும்தான் இல்ல.

பூனைவீட்டுக்காரி:
எல்லாருக்கும் நன்றி. அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன், பூனைக்கு திங்கக்கிழமை வரைக்கும் ஜாமீன் கிடைச்சிருக்கு. மணல் தட்டு இனிமே வீட்டுக்காரர் வேலை, இன்னும் அவர்கிட்ட சொல்லல.