நோட்டரி யாராவது இருக்கிறீர்களா? மனுவுக்கு அவசர உதவி தேவை

வணக்கம். சிகாகோ புறநகரில் இருக்கிறேன். எங்கள் பள்ளி வாரியம் புதுக் கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிடப் போகிறதாம். அறிவிப்பு உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். கட்டடக் கடன் என்று சொன்னால் வாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்பதால் நடைமுறைச் செலவு நிதி என்ற பெயரில் வாங்குகிறார்கள். இல்லினாய் சட்டப்படி, அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் பதிவுபெற்ற வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்திட்டால் மட்டுமே இது வாக்கெடுப்புக்கு வரும்.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை பெய்தால் வகுப்பில் வாளி வைக்கிறார்கள் என்று என் மகளே சொல்கிறாள். ஆனாலும் இந்தக் கடனை நம் வீட்டு வரியிலிருந்துதானே அடைப்பார்கள்? ஜூனிலும் செப்டம்பரிலும் அந்த வரி கட்டுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

12 நாள் போய்விட்டது. இந்தப் பள்ளி எல்லைக்குள் பதிவான வாக்காளர்கள்தான் கையெழுத்திட முடியும். (கிரீன் கார்டுக்காரர்கள் வரி மட்டும் கட்டலாம்!) கையெழுத்து வாங்கியவர் ஒவ்வொரு தாளிலும் நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுக்க வேண்டும். நம்மில் நோட்டரி யாராவது உண்டா? முன்பு இப்படி மனு போட்டவர்கள், எந்தத் தவறுக்கெல்லாம் கையெழுத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், சனிக்கிழமை கோயில் வாசலில் ஒரு மேசை போட யாரிடம் அனுமதி கேட்பது?