இத்தனை மழையில் கருவாடு எப்படிக் காயும்?

கப்பலை விட்டு இறங்கிய ஊர்களில் யாரைச் சந்தித்தது மனதில் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள், என்னுடையதையும் எழுதுகிறேன். சொந்த ஊர் பாம்பன், பயணிகள் கப்பலில் சமையல்கட்டு வேலை. வீட்டில் அம்மா கருவாடு போடுகிறார்.

ஊர் நார்வேயின் பெர்கன். நாலு மணி நேரம் வெளியே போக அனுமதி கிடைத்தது, இறங்கினால் மழை. ஐப்பசி மழை போல அடித்துவிட்டு ஓய்வதாக இல்லை, சன்னமாக நசநசவென்று பெய்துகொண்டே இருந்தது. அட்லாண்டிக் ஈரக்காற்று ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் மோதுவதால் ஆண்டில் 200 நாளுக்கு மேல் அங்கே மழைதானாம். நம் மாவட்டத்தில் வருடம் முழுக்க 800 மில்லிமீட்டர் சுமாருக்குப் பெய்கிறது, அங்கே 2000-க்கும் மேல். மலைமேல் ஏறும் ரயில் 1918 முதல் ஓடுகிறது, ஆனால் மேலே மேகம் மூடிக் கிடந்ததால் போகவில்லை.

துறைமுகத்தை ஒட்டி பிரிக்கன் என்று ஒரு வரிசை மரக்கட்டடங்கள். முன்னொரு காலத்தில் ஜெர்மன் வணிகர்கள் கருவாட்டை வாங்கி ஐரோப்பா முழுக்க அனுப்பிய இடம். 1702-ல் எரிந்து போனதைப் பழைய அமைப்பிலேயே, அதே சந்துகளோடு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் பாட்டி வீடு இருந்த இடத்தை மணலில்தான் தேடுவோம், அதனால் அந்தச் சந்தில் நடக்க எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அங்கே ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார், எழுபது தாண்டியிருக்கும். எனக்கு இருந்த ஒரே சந்தேகத்தை அவரிடம் கேட்டுவிட்டேன்: இத்தனை மழையில் கருவாடு எப்படிக் காயும்? அவர் சந்தோஷமாகிவிட்டார். இங்கே எங்கே காய்ந்தது, இது வெறும் சந்தை, காய்வதெல்லாம் வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் என்றார். காட் மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச் சட்டத்தில் தொங்கவிடுவார்களாம். பிப்ரவரியிலிருந்து மே வரை குளிர்காற்றே அதை உலர்த்திவிடும், உப்பு ஒரு கல் கூடக் கிடையாது! அந்தக் குளிரில் ஈ வராது, மீனும் கெடாது.

வெயிலில் போட்டால் உங்களுக்கு ஈ மொய்க்காதா என்று அவர் கேட்டார். அதற்குத்தானே உப்பு, அதுவும் மழை மேகம் ஏறினால் சோற்றில் கை வைத்த அம்மா அப்படியே எழுந்து ஓடித் தார்ப்பாய் போட்டு மூடுவார், ஒரு தடவை பிந்தினால் புழு வைத்து மொத்தமும் குழிக்குத்தான் போகும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தன் அப்பாவும் மீன்பிடிக்கப் போனவர் என்று சொன்னார். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிளம்பும்போது கடையில் அந்தக் கருவாட்டில் ஒரு சின்னத் துண்டு வாங்கினேன், நல்ல விலை.

*

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன் தம்பி. எங்கள் வீட்டிலும் இதே தார்ப்பாய் ஓட்டம்தான். போன கார்த்திகையில் இரண்டு நாள் வெயிலே வராமல் காரல் மீன் முழுக்கப் போய்விட்டது, வாங்கிய கடன் மட்டும் நிற்கிறது. உப்பில்லாமல் காய்ந்தது என்றால் நம்பவே முடியவில்லை. அம்மா என்ன சொன்னார்கள்?

*

அக்கா, அம்மாவும் நம்பவில்லை. லீவில் வந்து கையில் கொடுத்ததும் முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, “ஆமா, உப்பே இல்லடா” என்றார். இரவு ஊறப்போட்டால் காலையில் கட்டை மாதிரியே கிடந்தது. அதற்கு ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். எட்டாம் நாள் கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தார். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது, அந்தப் பெரியவர் வீட்டில் இதை என்ன செய்து சாப்பிடுவார்கள் என்று கேட்டார். நான் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.