ஓடைக்கரையில் ரெண்டு செடி, ரெண்டுலயும் வெள்ளைப் பூ: எது பொன்னாங்கண்ணி?

பவானிக்கரை மருமகள்:
வணக்கம். எங்க தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை போகுது, கீழே பவானியில சேருது. கரையில வெள்ளைப் பூ வச்ச செடி நிறைய இருக்கு. சின்ன இலை, தரையோட படர்ந்திருக்கு. அத்தை பொன்னாங்கண்ணின்னு பறிச்சுப் பொரியல் பண்ணலாம்ங்கறாங்க. தண்ணிக்குள்ள இருக்கறதும் அதேதான்ங்கறாங்க. எனக்கு ரெண்டும் வேற மாதிரி தெரியுது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கீரைப்பாத்தி:
கரிசலாங்கண்ணியா இருக்கும்ங்க. அதுக்கும் வெள்ளைப் பூதான், ஈரத்துலதான் வளரும்.

தாவரவியல் டீச்சர்:
கண்ணு, "சின்ன இலை, வெள்ளைப் பூ"ன்னு சொன்னா ஓடைக்கரையில பாதிச் செடி அதுக்குள்ள அடங்கிடும். முப்பது வருஷம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாய்க்கால் வாய்க்காலா நடந்தவ சொல்றேன், நிறத்தைக் கடைசியா எழுதுங்க. முதல்ல செடி நிக்கிற இடம்: தண்ணியில மிதக்குதா, சேத்துல வேர் விட்டிருக்கா, கரை மேட்டுல இருக்கா? அப்புறம் ஒரு கணுவுல எத்தனை இலை, எதிரெதிரா மாறி மாறியா? இலை விளிம்பு வழவழன்னு இருக்கா, பல்லு இருக்கா? தண்டைக் கிள்ளிப் பாருங்க, உள்ளே கெட்டியா, குழலா? எல்லாத்தையும் விட முக்கியம், பூ எங்க உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. இலைக்கக்கத்துல, அதாவது இலை தண்டோட சேர்ற மூலையில ஒட்டியா, காம்பு நீட்டியா?

கரிசலாங்கண்ணி சந்தேகம் சீக்கிரம் தீர்ந்துடும். இலை சொரசொரன்னு இருக்கும். கசக்கினா சாறு கொஞ்ச நேரத்துல கறுத்துடும். கறுக்கலைன்னா அது கரிசலாங்கண்ணி இல்லை.

போட்டோ போடறவங்க பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வைங்க, இலை அளவு தெரியட்டும். இன்னொண்ணு, கரையில நிக்கறதையெல்லாம் புல்லுன்னு எழுதாதீங்க. தண்டை விரலுக்கு நடுவுல உருட்டுங்க, மூணு மூலை தட்டுப்பட்டா பெரும்பாலும் கோரைதான். நீர்முள்ளிக்குப் பூவே வேண்டாம், கணுவைச் சுத்தி நிக்கிற நீளமான முள்ளே காட்டிக் கொடுத்துடும்.

பவானிக்கரை மருமகள்:
டீச்சர், காலையில போய்ப் பார்த்தேன். கரையில இருக்கறது: ஈரமண்ணுல படர்ந்து கணுவுல வேர் விட்டிருக்கு. எதிரெதிர் இலை, பல்லு இல்லை. பூ சின்ன வெள்ளைப் பந்து, காம்பே இல்லாம கக்கத்துல ஒட்டியிருக்கு, சில இடத்துல ரெண்டு மூணு சேர்ந்து. கசக்கினேன், கறுக்கலை. தண்ணியில இருக்கறது: மெத்தையா மிதக்குது, இலை பெருசு, தண்டு குழல். பூப்பந்தும் பெருசு, ஒரு விரற்கடைக்கு மேல நீட்டின காம்பு நுனியில தனியா நிக்குது.

தாவரவியல் டீச்சர்:
இதுதான் விவரிப்பு! படமே இல்லாம சொல்லிடலாம். கரையில இருக்கறது பொன்னாங்கண்ணி, ஆல்டர்நாந்தெரா செசைலிஸ். தண்ணியில இருக்கறது அதுக்கு உறவுக்காரச் செடி, ஆல்டர்நாந்தெரா பிலோக்செராய்டிஸ். அலிகேட்டர் வீட்னு சொல்வாங்க, தென் அமெரிக்காவிலிருந்து வந்த களை. உங்க அத்தை குழம்பினதுல தப்பே இல்லை, இலையை மட்டும் பார்த்தா யாருக்கும் குழப்பம் வரும். தண்டு குழலா இருக்கறதை மட்டும் நம்பாதீங்க, தண்ணியில வளர்ற பொன்னாங்கண்ணித் தண்டும் சில சமயம் குழலாகும். பூக்காம்புதான் தீர்ப்பு.

கீரைப்பாத்தி:
அப்போ பொடுதலை? அதுக்கும் நீளக் காம்புதானே?

தாவரவியல் டீச்சர்:
நல்ல கேள்வி. பொடுதலை இலையோட மேல்பாதியில பல்லு இருக்கும். பூக்கொத்து முதல்ல உருண்டையா இருந்து போகப் போக நீளும். அதுவும் ஈரத் தரையில படரும், ஆனா இப்படித் தண்ணி மேல மெத்தை கட்டாது.

மருமகளுக்கு ரெண்டு விஷயம். மேல எங்கயாவது சாக்கடையோ ஆலைக் கழிவோ ஓடையில கலந்தா அங்க கீரை பறிக்காதீங்க, பொன்னாங்கண்ணி கழிவுல இருக்கற உலோகங்களை உறிஞ்சி வச்சுக்கும். மிதக்கற களையை எடுக்கறதா இருந்தா அறுத்து ஓடையில விடாதீங்க, கணு உள்ள ஒரு துண்டு போதும், கீழே போய் வேர் பிடிச்சுடும். வேரோட வாரி மேட்டுல போட்டு நல்லாக் காய விடுங்க. சந்தேகம் இன்னும் இருந்தா பூவும் கணுவும் தெரியற மாதிரி ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள்ள வச்சு அழுத்திக் காய வைங்க. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கு, செடிகளைக் காய வச்சுப் பேரோட சேர்த்து வச்சிருக்கற இடம், காய்ஞ்ச மாதிரியோட ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் நம்ம பக்கத்துல இல்லை.