ஆயிரம் மணித்தியாலம் சும்மா உழைச்சாத்தான் அனுமதிப்பத்திரமா?

மலைச்சாரல் (ஹட்டன்):
"சீதுவை பட்டதாரி" நேத்து இந்த இழையில எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறலை. இலங்கையில சமூகப் பணியில பட்டமோ டிப்ளோமாவோ முடிச்ச கையோட யாரையும் களத்துக்கு அனுப்பக் கூடாதாம். பிலிப்பைன்ஸ்ல மாதிரி ஆயிரம் மணித்தியாலம் மூத்தவங்க ஒருத்தரோட மேற்பார்வையில வேலை பார்க்கணும், பிறகு பரீட்சை எழுதணும், அதுக்கப்புறம்தான் அனுமதிப்பத்திரமாம். அது இல்லாதவங்க தோட்டத்து வரிசை வீடான ஒரு லயத்து வாசலைக்கூட மிதிக்கக் கூடாதாம்.

நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த ஆயிரம் மணித்தியாலத்துக்கு சம்பளம் யார் தர்றது?

நாளைக்கு எட்டு மணித்தியாலம்னு வச்சா 125 வேலை நாள். கிழமைக்கு அஞ்சு நாள்னா 25 கிழமை, கிட்டத்தட்ட ஆறு மாசம். கொழுந்து பறிச்ச காசுல பிள்ளையைப் படிக்க வச்ச அம்மாகிட்ட போய், "பட்டம் முடிஞ்சிருச்சும்மா, ஆனா இன்னும் ஆறு மாசத்துக்கு பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் நீயே குடு"ன்னு எந்த முகத்தோட கேக்குறது?

சீதுவை பட்டதாரி:
தங்கச்சி, கோபப்படுறதுக்கு முன்னாடி ஒழுங்கா வாசிக்கணும். பிலிப்பைன்ஸ்ல 1965-லேயே குடியரசுச் சட்டம் 4373 வந்திருச்சு. பரீட்சைக்கு உட்காரணும்னா ஆயிரம் மணித்தியாலம் களப்பயிற்சி காட்டணும். ஒரு ஆசிய நாடு அறுபது வருசத்துக்கு முன்னாடி செஞ்சதை நம்மால செய்ய முடியாதா? இங்க எம்.பி.பி.எஸ். முடிச்சவர்கூட ஒரு வருசம் உள்ளகப் பயிற்சி முடிச்சாத்தான் மருத்துவ சபையில முழுப் பதிவு. நாம மட்டும் என்ன, பட்டச் சான்றிதழ் கையில கிடைச்ச மறுநாளே ஒரு குடும்பத்தோட பிரச்சினைக்குள்ள கை வைக்கலாமா?

மலைச்சாரல் (ஹட்டன்):
சேர், உதாரணத்தைக் கொண்டுவந்தது நீங்கதான். உள்ளகப் பயிற்சி டொக்டருக்கு அரசாங்கம் மாசா மாசம் சம்பளம் குடுக்குது. எங்களுக்கு யார் குடுப்பா? அதைத்தான் கேட்டேன், அதுக்கு இன்னும் பதில் வரலை.

இன்னொண்ணு. பிலிப்பைன்ஸ்ல அந்த ஆயிரம் மணித்தியாலம் பெரும்பாலும் படிப்புக்குள்ளேயே களப்பயிற்சியா முடிஞ்சிரும். நீங்க எழுதினது "பட்டம் முடிச்ச பிறகு"ன்னு. ரெண்டும் ஒண்ணா?

சீதுவை பட்டதாரி:
நான் எழுதினது "பயிற்சி முடிச்ச பிறகு". பட்டம் முடிச்ச பிறகுன்னு எங்க இருக்கு?

மலைச்சாரல் (ஹட்டன்):
நேத்து நீங்க எழுதினதுல மூணாவது பந்தியில இருக்கு. திருத்திடாதீங்க, நான் படம் எடுத்து வச்சிருக்கேன்.

கண்டி அக்கா:
மணித்தியாலத்தை எண்ணிக்கிட்டே இருந்தா விசயம் போயிடும். நான் இந்த வேலையில தலை நரைச்சவ, அதனால சொல்றேன். ஒரு தோட்டத்துல ஒரு பிள்ளை தனக்கு வீட்டுல நடக்கிற கொடுமையை ஒரு நிறுவனத்துல புதுசா சேர்ந்த பொண்ணுகிட்ட சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணு நல்ல மனசுக்காரிதான். உதவி கேக்குறதா நினைச்சு தோட்டத் தலைவர்கிட்ட போய் சொல்லிட்டா. ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல ஒரே சுவர் இருக்கிற இடம் லயம். பொழுது சாயுறதுக்குள்ள மேல்கணக்கு, கீழ்கணக்குன்னு தோட்டத்து எல்லாப் பிரிவுக்கும் தெரிஞ்சு போச்சு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தையே விட்டுருச்சு.

யார்கிட்ட சொல்லணும், யார்கிட்ட சொல்லக் கூடாதுங்கறதை பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்க ஒரு ஆள் அந்தப் பொண்ணுக்கு இருந்திருந்தா இது நடந்திருக்காது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துல, இரு தரப்புக்கும் ஆலோசனை குடுக்கச் சொல்லி ஒரு சமூகப் பணியாளருக்கு நீதிமன்றமே கட்டளையிடலாம். நீதவான் நம்பி ஒப்படைக்கிற ஆளுக்கு ஒரு தகுதிப் பத்திரம் இருக்கணும்னு சொன்னா அது குற்றமா?

மலைச்சாரல் (ஹட்டன்):
அக்கா, அந்தப் பிள்ளைக்கு நடந்தது எனக்கும் வலிக்குது. ஆனா அந்தப் பொண்ணைத் தனியா அனுப்பினது யார்? அந்த நிறுவனம். தண்டனையை மட்டும் ஏன் புதுசா வர்ற பிள்ளைகளோட தலையில கட்டுறீங்க? மேற்பார்வை வேணாம்னு நான் எங்கேயும் சொல்லலை. சம்பளத்தோட மேற்பார்வை குடுங்கன்னுதான் சொல்றேன்.

பொகவந்தலாவ மாணவன்:
எனக்கு ஒரு சந்தேகம். சமூகப் பணியாளர்னு நீங்க எல்லாரும் யாரைச் சொல்றீங்க? டி.எஸ். ஆபிஸ்ல (பிரதேச செயலகத்துல) இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையா, நன்னடத்தை உத்தியோகத்தரையா, நிறுவனங்கள்ல வேலை செய்றவங்களையா, அம்மாமார் வேலைக்குப் போனா தோட்டத்துக் குழந்தைகளை விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவைப் பார்க்கிற சி.டி.ஓ.வையா (சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரையா)? ஆளாளுக்கு ஆட்சேர்ப்பு முறை வேற வேறயா இருக்கே?

லண்டன் குமரன்:
நான் சொல்லுறதையும் கொஞ்சம் கேளுங்கோ. இங்க இங்கிலாந்தில 2005இல இருந்து பதிவு இல்லாத ஆள் தன்னை சமூகப் பணியாளர் எண்டு சொல்லிக்கொள்ளவே ஏலாது. 2019 டிசம்பர் 2இல இருந்து பதிவேட்டை சோஷியல் வேர்க் இங்கிலாந்து எண்ட அமைப்பு பார்க்குது, வருசா வருசம் புதுப்பிக்கவும் வேணும். ஒழுங்கு எண்டால் அதுதான் ஒழுங்கு. மலையகத்தில ஆக்கள் இன்னும் உணர்ச்சிவசப்பட்டுத்தான் கதைக்கினம், முறையாச் சிந்திக்கினம் இல்லை.

மலைச்சாரல் (ஹட்டன்):
குமரன் அண்ணே, "மலையகத்தில ஆக்கள்"னா யாரு? நாங்க சிந்திக்கிறதுக்கு லண்டன்ல இருந்து பத்திரம் வரணுமா?

சரி, உங்க ஊருக்கே வருவோம். படிச்சு முடிச்சு வேலைக்கு வர்றவங்களுக்கு அங்க முதல் வருசம் ஆதரவோட மதிப்பீடு செய்ற வருசம்னு ஒண்ணு இருக்கு இல்லையா? கேஸ் குறைச்சுக் குடுப்பாங்க, கிரமமா மேற்பார்வை இருக்கும். அந்த வருசம் முழுக்க அவங்களுக்கு சம்பளம் உண்டா இல்லையா? ஆமா, இல்லைன்னு ஒரு சொல்லுல சொல்லுங்க.

லண்டன் குமரன்:
சம்பளம் இருக்குத்தான். அது வேற விசயம்.

மலைச்சாரல் (ஹட்டன்):
வேற விசயம் இல்லை அண்ணே, அதுதான் விசயம்! டொக்டருக்கு சம்பளம், இங்கிலாந்துல சம்பளம். மலையகத்துப் பிள்ளைன்னு வந்தா மட்டும் "தியாகம்".

லண்டன் குமரன்:
நாங்களும் ஒண்டுமில்லாமல் வந்து, கடைகளில இரவு வேலை செய்துதான் படிச்சனாங்கள். எங்களுக்கு ஆர் சம்பளம் தந்தவை? எங்களைப் பார்த்து வடக்கு, மலையகம் எண்டு பிரிச்சுக் கதைக்காதேங்கோ.

லிந்துலை வாத்தியார்:
பிரிச்சுப் பேசினது யாருன்னு மேல போய் பாருங்க தம்பி. "மலையகத்தில ஆக்கள்"னு தொடங்கினது நீங்க.

சம்பளக் கதை வந்ததால சொல்றேன். பயிற்சிங்கற பேர்ல நம்ம பிள்ளைகளை வச்சு வேலை வாங்கறது புதுசு இல்லை. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்னு ஆள் எடுத்தாங்களே, மாசம் 6000 ரூபாய். மத்த ஆசிரியர் எடுக்கிற அதே பாடவேளையை அவங்களும் எடுத்தாங்க. அதே மாதிரி நாளைக்கு "சமூகப் பணி உதவியாளர்"னு ஒரு பேர் வச்சு ஆயிரம் மணித்தியாலத்தை ஆயிரம் நாளாக்குவாங்க. அனுபவப்பட்டவன் சொல்றேன்.

சீதுவை பட்டதாரி:
6000 இல்லை சேர், 10,000. தப்பான கணக்கைப் பரப்பாதீங்க.

லிந்துலை வாத்தியார்:
பிறகுதான் 10,000 ஆச்சு. தொடங்கும்போது 6000. என் மருமகள் வாங்கின காசு எனக்குத் தெரியாதா?

பண்டாரவளை_77:
சம்பளத்தோட நிறுத்திட்டீங்க, பரீட்சையை யாரும் தொடலையே. அமெரிக்காவுல சமூகப் பணி உரிமத்துக்குப் பரீட்சை இருக்கு. அதை நடத்துற சபையே 2022-ல ஒரு அறிக்கை விட்டுச்சு. சிகிச்சை நிலை (கிளினிக்கல்) பரீட்சையில முதல் தடவையிலேயே சித்தியடைஞ்ச வெள்ளையர் ஏறக்குறைய 84 வீதம், கறுப்பினத்தவர் 45 வீதம். ஒரே மாதிரி பட்டம், அப்படியிருந்தும் இந்த இடைவெளி. இல்லினோய் மாநிலம் ஆரம்ப நிலை உரிமத்துக்கு பரீட்சையே வேணாம்னு நீக்கிருச்சு. இங்க பரீட்சை வந்தா யார் மொழியில, யார் வாழ்க்கையை வச்சு கேள்வி போடுவாங்க? பேர் போடுறதுன்னா ஒரு நாள் வேலையைப் பதியறது, அரைப் பேர்னா பாதி நாள் சம்பளம்; இதுகூடத் தெரியாதவர் நம்ம பிள்ளைக்குக் கேள்வி எழுதுவாரா?

சீதுவை பட்டதாரி:
1987-ல 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி. தமிழ்ல பரீட்சை வைக்கத்தான் வேணும். சும்மா பயமுறுத்தாதீங்க.

பண்டாரவளை_77:
சட்டத்துல இருக்கு. தமிழ்ல கடிதம் போட்டு சிங்களத்துல பதில் வாங்கினவங்க இந்த இழையிலேயே எத்தனை பேர் இருக்காங்கன்னு கேளுங்க.

கண்டி அக்கா:
மொழி, காசு எல்லாம் சரி. தகுதி பத்தி யாருமே வாய் திறக்க மாட்டேங்குறீங்களே. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயமே புதைஞ்சப்ப முகாமுக்கு எத்தனை பேர் வந்தாங்க! தாயைப் பறிகொடுத்த பிள்ளைகிட்ட ஒவ்வொருத்தரா வந்து "என்ன நடந்துச்சு சொல்லு"ன்னு கேட்டாங்க. ஒரே கதையை அந்தப் பிள்ளை எத்தனை தடவை சொல்லும்? பயிற்சி உள்ளவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பதிவு வேணும், கட்டுப்பாடு வேணும்னு சொல்றேன்.

மலைச்சாரல் (ஹட்டன்):
மீரியபெத்தையில முதல்ல மண்ணைத் தோண்டினது, அந்தப் பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு ராத்திரி முழுக்க இருந்தது பக்கத்து லயத்து ஆளுங்க. அவங்ககிட்ட எந்தப் பத்திரமும் இல்லை.

கண்டி அக்கா:
அக்கம்பக்கத்து அன்பையும் தொழிலையும் குழப்பாதம்மா. நான் தொழிலைப் பத்திப் பேசுறேன்.

மலைச்சாரல் (ஹட்டன்):
தொழில்னா சம்பளம் உண்டு அக்கா. சம்பளம் இல்லாத ஆறு மாசத்துக்குப் பேர் தொழிலா?

சரி, சம்பளத்தைக்கூட ஒரு நிமிசம் விடுவோம். மேற்பார்வைக்கு ஆள் எங்க? மஸ்கெலியாவுக்கு மேல ஒரு டிவிசன்ல ஒரு பிள்ளை வேலை பார்க்குதுன்னு வைங்க. தமிழ் தெரிஞ்ச, பட்டம் பெற்ற, அனுபவமுள்ள ஒருத்தர் கிழமைக்கு ஒரு தடவை அங்க ஏறி வருவாரா? இல்லை, அந்தப் பிள்ளை பஸ் பிடிச்சு ஹட்டன், ஹட்டன்ல இருந்து கண்டின்னு போகணுமா? போற வர்ற நேரம் அந்த ஆயிரத்துல சேருமா சேராதா? சமூகப் பணி படிக்கக்கூட தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்துக்கு, சீதுவைக்குப் போகணும்னா எங்க பிள்ளைங்க கட்டுநாயக்கப் பக்கம் வாடகை அறை தேடணும். குதிரை கீழே தள்ளினது போதாதுன்னு குழியும் பறிக்காதீங்க.

சீதுவை பட்டதாரி:
பயண நேரம் சேராது. இதெல்லாம் சாட்டு. நானும் மலையகத்துல, பசறையில பிறந்து வளர்ந்தவன்தான். சீதுவையில அறை எடுத்துப் படிச்சேன், களப்பயிற்சிக்கு என் கைக்காசுல போனேன். என்னால முடிஞ்சது உங்களால ஏன் முடியாது? தரம் வேணும்னா கஷ்டப்படணும்.

மலைச்சாரல் (ஹட்டன்):
வந்துருச்சு பாருங்க. "நான் கஷ்டப்பட்டேன், நீயும் படு." உங்களுக்குக் கைக்காசு இருந்துச்சு சேர். இல்லாதவங்க இந்தத் தொழிலை விட்டுட்டு கொழும்புல கடைக்கும் காமெண்ட்ஸுக்கும் போவாங்க. மிஞ்சறவங்க யாரு? தோட்டத்தைப் படத்துல பார்த்தவங்க. அவங்க பத்திரத்தோட வந்து எங்க அம்மாமார்கிட்ட மொழிபெயர்ப்பாளரை வச்சுக் கதை கேப்பாங்க. அதுவா தரம்?

பொகவந்தலாவ மாணவன்:
நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். பிள்ளைக் காம்பரா பார்க்கிறவங்களும் இதுக்குள்ள வருவாங்களா? எங்க அக்கா அந்த வேலையிலதான் இருக்கா.

லண்டன் குமரன்:
சாட்டுச் சொல்லுற சமூகம் முன்னேறாது எண்டதை மட்டும் சொல்லிப்போட்டு நான் விலகுறன்.

லிந்துலை வாத்தியார்:
முதல் பதிவுக்கு முன்னாடியே விலகியிருந்தா "ஆக்கள்"னு ஒரு சண்டையே வந்திருக்காது.

கண்டி அக்கா:
தோட்டத் தலைவர்கிட்ட போய் சொன்ன அந்தப் பொண்ணு இப்பவும் அதே வேலையிலதான் இருக்கா. ஒரு பதிவேடு இருந்திருந்தா அவளை நிறுத்தி வச்சு மறுபடி பயிற்சி குடுத்திருக்கலாம். இப்ப யாருகிட்ட முறையிடறது? இதுக்கு மலைச்சாரல் பதில் சொல்லட்டும்.

மலைச்சாரல் (ஹட்டன்):
அவளை வேலைக்கு வச்சவங்ககிட்ட முறையிடுங்க அக்கா. பதிவேடு வரட்டும், நானே முதல் ஆளாப் பேர் குடுக்கிறேன். ஆனா பேர் பதியறதுக்கு முன்னாடி ஆறு மாசம் சும்மா உழைன்னு சொன்னா, நான் இந்த இழையில மட்டும் இல்லை, எங்க வேணும்னாலும் வந்து இதையேதான் கேப்பேன். சீதுவை பட்டதாரி, தொகையைச் சொல்லுங்க. மாசம் எவ்வளவு, எந்தத் திணைக்களம் தரும்?

சீதுவை பட்டதாரி:
முதல்ல தரம், பிறகுதான் தொகை. வாத்தியார் சேர், அந்த 6000 கணக்குக்கு சுற்றறிக்கை இருந்தா இங்க போடுங்க பார்ப்போம்.

லிந்துலை வாத்தியார்:
சுற்றறிக்கை எதுக்கு? மருமகளோட வங்கிப் புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுறேன். நாளைக்குக் காலையில வந்து பாருங்க.